வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது எப்படி?

வெளிநாட்டில் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கினால், பெரும்பாலான நாடுகளில் சீட்டில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே அந்த நாட்டின் விற்பனை வரியும் அடங்கியிருக்கும். ஐரோப்பாவில் இதை வாட் என்கிறார்கள், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜிஎஸ்டி, ஜப்பானில் நுகர்வு வரி. பெயர் எதுவானாலும், அந்த நாட்டுக்குள் பொருளைப் பயன்படுத்துபவர்கள் கட்ட வேண்டிய வரி அது. சுற்றுலா வந்தவர் வாங்கிய பொருளைப் பிரிக்காமல் தன் நாட்டுக்கு எடுத்துப் போனால், அது ஏற்றுமதி செய்த மாதிரி. ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்பதால்தான் கட்டியதைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விமானம் ஏறிவிட்டால் போனது போனதுதான்.

இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். ஹோட்டல் அறை, உணவகத்தில் சாப்பிட்டது, வாடகைக் கார், அருங்காட்சியக டிக்கெட் இவற்றுக்கெல்லாம் ரீஃபண்ட் கிடையாது, ஏனென்றால் அவற்றை அங்கேயே அனுபவித்துவிட்டீர்கள். வாசனைத் திரவியத்தை உடைத்துப் பாதி தீர்த்துவிட்டால் அதற்கும் அதே கதிதான். கிளம்பும்போது கஸ்டம்ஸ் அதிகாரி பொருளைக் காட்டச் சொல்வதும் இதனால்தான்: அது உண்மையிலேயே நாட்டை விட்டுப் போகிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.

விமான நிலையத்துக்குள் இருக்கும் டூட்டி ஃப்ரீ கடை வேறு சமாச்சாரம். அங்கே வரியைக் கழித்துவிட்டுத்தான் விற்கிறார்கள், அதற்குப் படிவமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். இங்கே நாம் பேசுவது ஊருக்குள் இருக்கும் சாதாரணக் கடைகளைப் பற்றி.

முதலில், அந்த நாட்டில் இது உண்டா?

பலர் இதைச் சரிபார்க்காமலேயே ரசீதுகளைச் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். பிரிட்டன்தான் அடிக்கடி ஏமாற்றும் இடம். லண்டன் கடைத்தெருவில் வரி ரீஃபண்ட் கிடைக்கும் என்று பழைய பயணக் குறிப்புகள் இன்னமும் சொல்கின்றன. ஆனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 ஜனவரி 1 முதல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. வட அயர்லாந்தில் மட்டும் தொடர்கிறது. மற்ற மூன்றிலும் உள்ள ஒரே வழி, கடைக்காரரே பொருளை உங்கள் நாட்டு முகவரிக்கு நேரடியாக அனுப்பி வைப்பதுதான். அப்படி அனுப்பினால் வாட் இல்லாமல் விற்க அவர்களுக்கு அனுமதி உண்டு, அனுப்புகிற செலவு தனி.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான வாட் இல்லை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள், பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தருவதில்லை. பெரிய பொருள் எதாவது வாங்குவதாக இருந்து, உங்கள் பாதையில் ஆரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநில விற்பனை வரியே இல்லாத மாநிலம் ஒன்று வந்தால் அங்கே வாங்குவது நல்லது. கனடா தன் பயணிகளுக்கான திட்டத்தை 2007-லேயே மூடிவிட்டது. மலேசியாவில் 2018-இல் ஜிஎஸ்டி போனபோது அதற்கான ரீஃபண்டும் போய்விட்டது. ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை, ஆகவே திருப்பித் தர ஒன்றுமில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், தாய்லாந்து, தென் கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் உண்டு.

அடுத்தது, நீங்கள் தகுதியானவரா என்பது. ஐரோப்பாவில் கேள்வி குடியுரிமை பற்றியதல்ல, எங்கே வசிக்கிறீர்கள் என்பது பற்றியது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் குடியிருப்பு அனுமதியோடு வேலை பார்ப்பவர் பொதுவாக இதில் சேரமாட்டார். சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது, 16 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியா மட்டும் தாராளம், அந்த நாட்டுக்காரர்களே வெளிநாடு போகும்போது கேட்டு வாங்கலாம்.

குறைந்தபட்சத் தொகையும் காலக்கெடுவும்

ஒவ்வொரு நாடும் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும். ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல். இத்தாலியில் முன்பு 155 யூரோ அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 70 யூரோவுக்குச் சற்று மேல் என்று இறக்கிவிட்டார்கள். ஸ்பெயினில் 2018 முதல் கீழ்வரம்பே கிடையாது. சுவிட்சர்லாந்தில் 300 ஃபிராங்க். சிங்கப்பூரில் 100 சிங்கப்பூர் டாலர். தாய்லாந்தில் ஒரு நாளில் ஒரே கடையில் 2,000 பாட். தென் கொரியாவில் 15,000 வோன். அமீரகத்தில் 250 திர்ஹாம். ஆஸ்திரேலியாவில் 300 ஆஸ்திரேலிய டாலர்.

இந்த எண்களை அரசுகள் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்புவதற்கு முன் அந்த நாட்டுச் சுங்கத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, வெவ்வேறு கடைகளின் பில்களைச் சேர்த்துக் கீழ்வரம்பைத் தாண்ட முடியாது. இரண்டு பேர் வாங்கியதையும் ஒரே பாஸ்போர்ட்டில் சேர்த்து, ஒரே கடையில் பில் போடச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். கிளம்பும்போது அந்தப் பாஸ்போர்ட்காரர்தான் கவுன்ட்டரில் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு ஐரோப்பிய ஒன்றியத்தில் கொஞ்சம் விநோதமாகக் கணக்கிடப்படுகிறது: வாங்கிய மாதத்துக்குப் பின் வரும் மூன்றாவது மாதத்தின் கடைசி நாளுக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். ஜனவரி 3-ஆம் தேதி வாங்கினாலும் 29-ஆம் தேதி வாங்கினாலும் ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது. சிங்கப்பூரில் இரண்டு மாதம், தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 60 நாள், அமீரகத்தில் 90 நாள்.

எவ்வளவு கைக்கு வரும்?

இங்கேதான் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையே பெரிய பள்ளம். பிரான்ஸில் வாட் 20%. 1,200 யூரோவுக்கு ஒரு கைப்பை வாங்கினால் 240 யூரோ வரும் என்று மனக்கணக்குப் போடுவோம். அது தவறு. 1,200 என்பது வரி சேர்ந்த விலை. வரியில்லாத விலை 1,000, வரி 200. அதாவது கொடுத்த பணத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரி. அந்த 200-உம் முழுதாக வராது. கடைக்கும் உங்களுக்கும் நடுவே குளோபல் புளூ, பிளானட் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன, அவை தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். பிரான்ஸில் பொதுவாகக் கைக்கு வருவது விலையில் 12% சுமார். அந்தக் கணக்கில் 1,200 யூரோவுக்கு 144 யூரோ.

அமீரகத்தில் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது: வரியில் 85% உங்களுக்கு, அதிலிருந்து ஒவ்வொரு ரசீதுக்கும் 4.80 திர்ஹாம் கழிவு. 1,050 திர்ஹாம் பொருளில் வரி 50. அதில் 85% என்றால் 42.50, கழிவு போக 37.70. சின்னச் சின்ன ரசீதாகப் பிரித்து வாங்கினால் ஒவ்வொன்றிலும் 4.80 போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவில் இடைத்தரகர் கிடையாது, அரசே நேரடியாகத் தருகிறது. ஜிஎஸ்டி 10% என்பதால் கொடுத்த விலையை 11-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் தொகை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வரியும் இல்லை. ஜெர்மனியில் பொதுவான வாட் 19% என்றாலும் புத்தகத்துக்கு 7% தான். பிரான்ஸில் புத்தகத்துக்கு 5.5%. ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கிவிட்டுப் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

என் அபிப்பிராயத்தில், கைக்கு வரப்போவது பத்துப் பதினைந்து யூரோ என்றால், நெரிசலான விமான நிலையத்தில் அதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது வீண். கடிகாரம், தோல் பொருள், கேமரா, மடிக்கணினி, நல்ல கோட்டு இந்த மாதிரி ஒன்றிரண்டு பெரிய பொருளுக்கு மட்டும் கேட்பவர்கள்தான் நிம்மதியாக ஊர் திரும்புகிறார்கள்.

கடையில் செய்ய வேண்டியது

பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். 'டாக்ஸ் ஃப்ரீ இருக்கிறதா?' என்ற கேள்வி எந்த நாட்டுக் கடையிலும் புரியும். எல்லாக் கடைகளும் இந்தத் திட்டத்தில் இருப்பதில்லை, பல நாடுகளில் கடை விரும்பினால்தான் சேரும். கதவிலோ கல்லாவிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். சில கடைகள் போனில் இருக்கும் படத்தை ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. பெரிய பொருள் வாங்கப் போகிற அன்று மட்டும் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். கடைக்காரர் ஒரு படிவத்தை அச்சிட்டு ரசீதோடு சேர்த்துத் தருவார். கல்லாவை விட்டு நகர்வதற்கு முன் அந்தப் படிவத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று கடைக்காரர்கள் குழம்புவது சகஜம். முகவரி, கார்டு எண், கையெழுத்து என்று நீங்கள் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருக்கும். அவற்றை அன்றிரவே நிரப்பிவிடுங்கள். விமான நிலையத்தில் பேனா தேடுபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் தனிப் படிவம் கிடையாது, முறையான வரி ரசீது போதும். அதில் கடையின் ஏபிஎன் எண் (அரசு தரும் வணிகப் பதிவு எண்) இருக்க வேண்டும், 1,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள ரசீதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயரும் இருக்க வேண்டும். இதைக் கடையிலேயே கேட்டு எழுதி வாங்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஏபிஎன் உள்ள கடையில் பல நாள் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து 300-ஐத் தாண்டலாம் என்பது அங்கே உள்ள வசதி.

சிங்கப்பூரில் காகிதமே இல்லை. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் விவரம் மின்னணு முறையில் பதிவாகிவிடும். ஆனாலும் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜப்பானில் நீண்ட காலமாக வேறு முறை: பாஸ்போர்ட்டைக் காட்டினால் கடையிலேயே 10% வரியைக் கழித்துவிடுவார்கள், வரிக்கு முந்தைய விலை 5,000 யென் ஆக இருந்தால் போதும். 2026 நவம்பர் 1 முதல் இது மாறுகிறது. வரியோடு பணத்தைக் கட்டிவிட்டு, 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகே திரும்பக் கிடைக்கும். வரியில்லாமல் வாங்கி அங்கேயே மறுவிற்பனை செய்தவர்களால் வந்த வினை இது.

விமான நிலையத்தில்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

வரிசைமுறை முக்கியம். வாங்கிய பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால், அந்தப் பெட்டி செக்-இன் பெல்ட்டில் போவதற்கு முன் கஸ்டம்ஸ் வேலை முடிய வேண்டும். பழக்க தோஷத்தில் நேரே செக்-இன் வரிசையில் நின்று, பெட்டியை அனுப்பிவிட்டு, போர்டிங் பாஸோடு கஸ்டம்ஸ் கவுன்ட்டருக்குப் போனால் அதிகாரி முதலில் கேட்பது 'பொருள் எங்கே?' என்பதுதான். பெட்டி அதற்குள் விமானத்தின் வயிற்றுக்குப் போயிருக்கும். பொருளைக் காட்ட முடியாவிட்டால் படிவத்தில் கஸ்டம்ஸ் முத்திரை இல்லை, முத்திரை இல்லாவிட்டால் பணமும் இல்லை.

ஜெர்மனியின் பெரிய விமான நிலையங்களில் நடைமுறை சற்று மாறும். முதலில் செக்-இன் கவுன்ட்டருக்குப் போய், பெட்டிக்குள் சுங்கத்தில் காட்ட வேண்டிய பொருள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் பெட்டிக்கு அட்டை மாட்டி உங்களிடமே திருப்பித் தருவார்கள். அதை உருட்டிக்கொண்டு கஸ்டம்ஸுக்குப் போனால், பார்த்து முத்திரை குத்திவிட்டு அங்கிருந்தே பெட்டியை அனுப்பிவிடுவார்கள். கைப்பையில் வைத்த பொருளுக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் வேறு கஸ்டம்ஸ் கவுன்ட்டர் இருக்கும்.

பிரான்ஸில் அதிகாரியைப் பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. பாப்லோ என்ற தானியங்கிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். மொழியைத் தேர்ந்தெடுத்து, படிவத்தில் உள்ள பார்கோடைக் கண்ணாடிக்கு எதிரே காட்ட வேண்டும். திரையில் பச்சை வந்தால் வேலை முடிந்தது, அதுவே முத்திரைக்குச் சமம். சிவப்பு வந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கஸ்டம்ஸ் கவுன்ட்டருக்குப் பொருளோடு போகச் சொல்கிறது என்று அர்த்தம். படிவம் நான்கு இருந்தால் நான்கையும் தனித்தனியே காட்ட வேண்டும். ஒன்றைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. பச்சைதான் வரும் என்று நம்பிப் பொருளை வேறெங்காவது வைத்துவிட்டு வராதீர்கள், எப்போது வேண்டுமானாலும் காட்டச் சொல்லலாம். ஸ்பெயினில் இதே வேலையை திவா என்ற கருவி செய்கிறது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பெரிய பெட்டிக்குள் போகிற பொருளுக்கு செக்-இன் பகுதியில் உள்ள கியாஸ்க் (தானியங்கிக் கருவி), கையில் எடுத்துப் போவதற்கு உள்ளே இருக்கும் கியாஸ்க். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் பதிவான பில்கள் தெரியும். பேருந்திலோ காரிலோ பாலம் கடந்து மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கு ரீஃபண்ட் கிடையாது, இது பலருக்கும் தெரிவதில்லை.

தாய்லாந்தில் மொத்தம் 20,000 பாட்டோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், கடையில் தந்த பி.பி.10 படிவத்தை செக்-இன்னுக்கு முன் கஸ்டம்ஸில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பணம் தரும் கவுன்ட்டர் குடியேற்றச் சோதனைக்கு அப்பால் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நேர்மாறு. பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் சோதனையைக் கடந்த பிறகு உள்ளே இருக்கும் டிஆர்எஸ் (பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் அரசுத் திட்டம்) கவுன்ட்டருக்குப் போக வேண்டும். கையில் எடுத்துப் போக முடியாத அளவில் பெரிய பொருள், திரவம் என்றால் மட்டும் செக்-இன்னுக்கு முன்பே, அங்கே சுங்கத்தைக் கவனிக்கும் எல்லைப் படையின் அலுவலகத்தில் காட்டிவிட வேண்டும். விமானம் கிளம்ப 30 நிமிடத்துக்கு முன்னரே விண்ணப்பம் முடிந்துவிட வேண்டும். விவரங்களை முன்கூட்டியே டிஆர்எஸ் ஆப்பில் ஏற்றி வைத்தால் தனி வரிசை, சீக்கிரம் முடியும்.

நேரம் எவ்வளவு ஒதுக்குவது? வழக்கமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். அதிகாலை விமானம் என்றால் கஸ்டம்ஸ் கவுன்ட்டர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முந்தைய நாளே விமான நிலையத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

நடுவில் விமானம் மாறினால்

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் ஒரே வீடு. எத்தனை நாட்டில் வாங்கியிருந்தாலும், ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடத்தில்தான் முத்திரை. ரோமில் வாங்கி, பாரிஸ் போய், பாரிஸிலிருந்து தோஹா வழியாக ஊருக்குத் திரும்பினால் ரோம் படிவத்தையும் பாரிஸில்தான் காட்ட வேண்டும்.

குழப்பம் வருவது ஒன்றியத்துக்குள்ளேயே விமானம் மாறும்போது. ரோமிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஊருக்குப் போகிறீர்கள், பெட்டி ரோமிலேயே ஊர்வரைக்கும் செக்-இன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு ரோமிலேயே முத்திரை வாங்கிவிட வேண்டும், கைப்பையில் இருப்பதற்கு ஃபிராங்க்ஃபர்ட்டில். தலைவலி வேண்டாம் என்றால், வாங்கியது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துவிடுங்கள்.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பிரான்ஸிலிருந்து ரயிலில் ஜெனிவா போய் அங்கிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால், பிரான்ஸில் வாங்கியதற்கான முத்திரையை எல்லையிலேயே வாங்க வேண்டியிருக்கும். ரயில் அதற்காக நின்றுகொண்டிருக்காது. பெரிய பொருள் வாங்கியிருந்தால் இந்தப் பாதையைத் தவிர்ப்பதே மேல்.

பணம் வாங்கும் வழி

முத்திரை கிடைத்ததும் படிவத்தில் பெயர் போட்டிருக்கும் நிறுவனத்தின் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். குளோபல் புளூ படிவத்தைப் பிளானட் கவுன்ட்டரில் நீட்டிப் பயனில்லை. ரொக்கமா, கார்டா என்று கேட்பார்கள். ரொக்கம் அப்போதே கிடைக்கும், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். கார்டில் வர சில வாரங்கள் ஆகலாம், ஆனால் தொகை கூடுதலாக இருக்கும். அவசரமில்லை என்றால் கார்டுதான் லாபம்.

ரொக்கம் கேட்டால் 'உங்கள் நாட்டுப் பணமாகவே தரட்டுமா?' என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான், உங்களுக்குச் சாதகமாக இருக்காது. யூரோ வாங்கிய இடத்தில் யூரோவாகவே கேளுங்கள்.

கவுன்ட்டர் மூடியிருந்தால் படிவத்தோடு தந்த உறையில் போட்டு, பக்கத்தில் இருக்கும் தபால் பெட்டியில் சேர்த்துவிடலாம். உறையில் போடுவதற்கு முன் முத்திரையோடு சேர்த்துப் படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வது அவசியம். பணம் வராமல் போனால் அந்தப் படத்தில் இருக்கும் படிவ எண்ணை வைத்துத்தான் நிறுவனத்தின் தளத்தில் தேட முடியும்.

பெரிய நகரங்களில், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கடைத்தெருவிலேயே பணத்தைத் தந்துவிடும் கவுன்ட்டர்களும் உண்டு. வசதிதான், ஆனால் அது ஒருவகையில் முன்பணம். உங்கள் கிரெடிட் கார்டு எண்ணை ஈடாக வாங்கிக்கொள்வார்கள். விமான நிலையத்தில் முத்திரை வாங்கிப் படிவத்தைக் குறித்த நாளுக்குள் சேர்க்காவிட்டால், கொடுத்த தொகையைக் கார்டிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அபராதமும் சேரலாம். பணம் கைக்கு வந்துவிட்டதே என்று முத்திரையை மறந்துவிடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

அங்கே வரியைத் திரும்ப வாங்கியதால் இங்கே சுங்க வரி கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு. உங்கள் நாட்டில் பயணிகளுக்கு அனுமதித்த மதிப்புக்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தில், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரிய கைக்கடிகாரம், நகை மாதிரியானவற்றுக்கு வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அங்கே கிடைத்த 12% இங்கே கட்டும் வரிக்குப் போதாமல் போகலாம். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் ரீஃபண்ட் வாங்கிய பொருளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, அவற்றின் மதிப்பு 900 டாலர் சலுகை வரம்பைத் தாண்டினால், வாங்கிய ஜிஎஸ்டியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கார்டு கணக்கை இரண்டு மாதம் வரை கவனித்து வாருங்கள். வரவில்லை என்றால் கடைக்கு எழுதிப் பயனில்லை, படிவத்தில் இருக்கும் ரீஃபண்ட் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். படிவ எண், முத்திரையின் படம், ரசீதின் படம் மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே இணைத்து அனுப்பினால் அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தடிக்க வழியிருக்காது.